ஹவில்தார் வின்ஸ்டனின் வலது கை

ராணுவ அஞ்சல் முகவரி
20 மே 2024

அன்புத் தங்கை ஜோவிதாவுக்கு,

மூன்று வாரமாக உன் எண்ணுக்கு அடிக்கிறேன். ஒரு தடவைகூட மணி போகவில்லை. மாப்பிள்ளை பாக்கியராஜ் எண்ணும் அதே கதைதான். இரண்டு பேரும் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நாளைக்கு மேலே போஸ்டுக்கு ஏறுகிறோம். அங்கே சிக்னலே கிடையாது, தபால் பை மட்டும்தான் போய்வரும். அதனால் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், எழுதும் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

ஜேக் எப்படி இருக்கிறான்? காறை எலும்பில் விழுந்த விரிசல் கூடிவிட்டதா? கையைத் தூக்குகிறானா? அம்மாவிடம் கேட்டால், "நல்லாருக்கறான் கண்ணு, நீ உன்ற ஒடம்பப் பாரு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. கருமத்தம்பட்டியில் இருந்துகொண்டு கணபதியில் நடப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும். சொல்ல வேண்டாம் என்று நீதான் சொல்லியிருப்பாய்.

ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. ஞானத்தகப்பனாக என் அண்ணன்தான் நிற்க வேண்டும் என்று, என் லீவுக்காக ஞானஸ்நானத்தையே இரண்டு மாதம் தள்ளிவைத்தாய். அந்தப் பிள்ளையைத்தான் கோயிலில், ஞானஸ்நானத் தண்ணீர்த் தொட்டிப் படியில் நழுவவிட்டேன். அவன் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"குடிச்சுப்போட்டுத்தான் வந்தீங்களாண்ணா?" என்று கோயில் நிறைய ஆட்கள் இருக்க நீ கேட்டாய். ஆமாம் என்றேன். இப்போதும் அதையே எழுதித் தருகிறேன். குடித்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. இனிமேல் தொடமாட்டேன். மன்னித்துவிடு அம்மணி. பிள்ளையின் போட்டோ ஒன்றாவது அனுப்பு.

அண்ணன்,
வின்ஸ்டன்


கணபதி, கோவை
11 ஜூன் 2024

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் வந்து இரண்டு நாள் பிரிக்காமல் டி.வி. மேல் வைத்திருந்தேன். பிரித்ததும் ஏன் பிரித்தோம் என்று ஆகிவிட்டது.

ஜேக்குக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. மூன்று வாரம் பிள்ளை ஒரே பக்கமாகக் கிடந்தான். பால் கொடுக்க இந்தப் பக்கம் திருப்பினால் வீறிடுவான். அவன் அழ, நான் அழ, என்னைப் பார்த்து அவர் லேத்துப் பட்டறைக்குப் போகாமல் நிற்க, வீடு இப்படித்தான் ஓடியது. போட்டோ அனுப்புவதாக இல்லை.

"இனிமேல் தொடமாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்கு நினைவில்லையா? சனிக்கிழமை தறியிலிருந்து நேராகக் கடைக்குப் போய்விட்டு, ஞாயிறு காலையில் ஜெபமாலையைத் தொட்டு அப்பா சொன்ன வரி. நீங்கள் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடிப்போனதே அந்த வீட்டிலிருந்து தப்பிக்கத்தான். தப்பித்தும்விட்டீர்கள். நான் அப்பா சாகும்வரை அங்கேயேதான் கிடந்தேன். அவரை எங்கெங்கே போய்த் தூக்கி வந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு லீவுக்கு லீவு சிரித்த முகமாகத்தான் காட்டினோம்.

"மிலிட்டரிக்காரருன்னா அப்படித்தானுங்க, உடுங்க" என்று அவருடைய சித்தப்பாக்கள் எனக்கே ஆறுதல் சொல்கிறார்கள். நீங்கள் கொண்டுவந்த கேன்டீன் ரம்மைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

நான் சும்மா இருக்கப்போவதில்லை. மாடியில் குடியிருக்கும் யுஸ்ரா டீச்சரிடம் சொல்லி, உங்கள் கமாண்டிங் ஆபீசருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீங்கள் கைப்பட எழுதிய இந்தக் கடிதத்தின் ஜெராக்ஸையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கோபத்தில் மட்டும் செய்ததில்லை. அப்பாவைக் கேட்க மேலே ஆள் இல்லை. உங்களுக்காவது ஒரு ஆபீசர் இருக்கிறார். அவர் சொன்னாலாவது கேளுங்கள்.

ஜோவிதா


ராணுவ அஞ்சல் முகவரி
8 ஜூலை 2024

ஜோவிதா,

என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய் நீ?

போஸ்டிலிருந்து என்னைக் கீழே வரவழைத்தார்கள். பெல்ட், தொப்பி இல்லாமல் சி.ஓ. மேஜை முன்னால் நிறுத்தினார்கள். உன் கடிதத்தை வரி வரியாகப் படித்தார். பிறகு என் ஜெராக்ஸ் கடிதத்தை ஒரு தமிழ் சுபேதாரிடம் கொடுத்து இந்தியில் சொல்லச் சொன்னார். "குடித்திருந்தேன்" என்ற இடம் வந்தபோது சுபேதார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பதினெட்டு வருஷ சர்வீஸில் என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இப்போது பைலில் உன் கடிதம் இருக்கிறது.

இனி மறைத்து ஆவது ஒன்றுமில்லை. கேள். அன்றைக்கு நான் குடிக்கவில்லை. நான் குடிப்பதே இல்லை. எனக்கு ஒதுக்கும் ரம்மைத்தான் லீவுக்கு வரும்போது மற்றவர்களுக்குக் கொண்டுவருகிறேன். என் வலது கையில் பிடி இல்லை. அதுதான் விஷயம்.

2022 ஜனவரி, இதே போஸ்ட். கேனிலிருந்து ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது கேன் சரிந்து கையுறைக்குள் எண்ணெய் இறங்கிவிட்டது. அந்தக் குளிரில் தண்ணீர் உறையும், மண்ணெண்ணெய் உறையாது. உறையாமலே அது கையை உறைய வைத்துவிடும். விரல்கள் மெழுகு நிறத்துக்குப் போய்விட்டன. அந்தியூர்க்காரன் கதிர்வேல் என் கையைத் தன் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நிறம் திரும்பியது. பிடி திரும்பவில்லை.

நான் டாக்டரிடம் போகவில்லை. போனால் மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம், இறங்கும். அடுத்த மார்ச்சில் எனக்கு நாயப் சுபேதாராகப் பதவி உயர்வு வர வேண்டியது. கேட்டகரி இறங்கினவனுக்கு அது கிடையாது.

சேர்ந்த புதிதில் கயிறு ஏறி ஏறி என் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. முதல் லீவில் நீ தொட்டுப் பார்த்துவிட்டு, "பலகையாட்ட இருக்குதுங்கண்ணா" என்று சிரித்தாய். கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் அணியின் கடைசி ஆள் நான்தான். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவன். அந்தக் கையை எனக்குக் கொடுத்ததும் பட்டாளம்தான். இப்போது காலையில் வெந்நீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் விரல் மடங்குகிறது.

அன்று பிள்ளையை இரண்டு முன்னங்கைகளிலும் ஏந்திக்கொண்டு நன்றாகத்தான் நின்றேன். பங்குச் சாமியார் மெழுகுதிரியைக் கொளுத்தி, ஞானத்தகப்பன் பிடிக்க வேண்டும் என்று நீட்டினார். அது எனக்கு மறந்தே போயிருந்தது. திரியை வலது கையில் வாங்கினேன். விரல் மூடவில்லை. திரி விழப்போகிறது, பிள்ளை மேல் நெருப்பு படும் என்று கையைத் திருப்பினேன். பிள்ளைக்கு வழவழப்பான உடுப்பு. நழுவிவிட்டான்.

இதுதான் நடந்தது.

வின்ஸ்டன்


கணபதி
25 ஜூலை 2024

அண்ணன் அவர்களுக்கு,

மே மாதம் குடித்தேன் என்று எழுதினீர்கள். ஜூலையில் குடிக்கவில்லை என்று எழுதுகிறீர்கள். இரண்டில் எதை நான் ஃபிரேம் போட்டு மாட்டுவது?

ஆபீசர் கேட்டதும் காரணம் முளைக்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் முளைக்கும். ஒரு நாள் பித்தம், ஒரு நாள் வெயில்.

நீங்கள் சொல்வது நிஜமாகவே இருந்தால் அது இன்னும் மோசம். கை சரியில்லை என்று இரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்துமா என் பிள்ளையை வாங்கினீர்கள்? "எனக்கு முடியாது ஜோவிதா, வேற யாரையாச்சு நிக்கச் சொல்லு" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதானே? அந்த ஒரு வார்த்தைக்கு என் பிள்ளையின் எலும்பா விலை?

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஜோவிதா


கணபதி
12 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான், இப்போது எழுதுவதும் நான்தான். என்ன செய்வது, எனக்கு ஆறவில்லை.

உங்கள் ஜூலைக் கடிதத்தை அவரிடம் காட்டினேன். கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: "மச்சான் லீவுக்கு வந்தப்போ பட்டறைக்கு வந்தாரல்ல? லேத்துல கடையற இரும்பு ஜாப்ப நானே மாட்டறேன்னு ஆசையா நின்னாரு. அத இறுக்கற சக்குச் சாவிய ரெண்டு கையிலயும் புடிச்சு முறுக்கினாரு. மெசின் போடறதுக்கு முன்னால நான் சும்மா தொட்டுப் பாத்தேன். இறுக்கமே இல்லாம ஜாப்பு கையோட சுத்துது. அப்படியே ஓட்டியிருந்தா பிச்சுக்கிட்டு வந்து மூஞ்சியில அடிச்சிருக்கும்."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினேன். "மச்சான்கிட்டப் போயி, உங்க கையில வலுவில்லைங்களான்னு எப்படி அம்மணி கேக்கறது? அவரு நகந்தப்பறம் நானே இறுக்கிப்போட்டு உட்டுட்டேன்" என்கிறார்.

உடனே பஸ் ஏறி அம்மாவிடம் போனேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். விடாமல் பிடித்ததும் வந்தது. நீங்கள் கரண்டியில் சாப்பிட்டதை, துரையாட்டத் திங்கறான் என்று நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்தோமே, அம்மாவுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. சட்டைப் பொத்தானை நீங்கள் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றதைப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் போய் டி-ஷர்ட் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவனா சொல்லாதப்போ நாம எப்படிக் கேக்கறது கண்ணு, சங்கடப்படுவானல்ல" என்கிறாள். அன்று உங்கள் மேல் குடித்த வாசமே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நான் கத்தின கத்தலில் அதையும் சொல்லவில்லை.

எப்படிப்பட்ட குடும்பம் பாருங்கள். எல்லோருக்கும் தெரியும், ஒருவர் மனசு ஒருவர் நோகக் கூடாது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். கடைசியில் ஐந்து மாசப் பிள்ளைக்கு எலும்பு விரிசல். மரியாதை, மரியாதை என்று நம் ஊர்க்காரர்களைச் சொல்கிறார்களே, அந்த மரியாதையைத் தூக்கி நொய்யலில்தான் போட வேண்டும்.

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் குடிகாரன் என்று இனிச் சொல்லமாட்டேன். டாக்டரிடம் போங்கள். பதவி கிடக்கட்டும். இந்தக் கையை வைத்துக்கொண்டு துப்பாக்கியும் கயிறும் பிடிக்கிறீர்களே, பக்கத்தில் நிற்கிறவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே?

ஜோவிதா


ராணுவ மருத்துவமனை
3 நவம்பர் 2024

ஜோவிதா,

உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கோபம். கணபதியில் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு, பதவி கிடக்கட்டும் என்று எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். கடிதத்தைக் கிழித்தும்போட்டேன். கடைசி வரி மட்டும் மண்டைக்குள் இருந்தது. அப்படியும் நான் டாக்டரிடம் போகவில்லை. மார்ச் வரை தள்ளிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

என்னை மறுபடி போஸ்டுக்கே அனுப்பியிருந்தார்கள். அக்டோபர் பத்தாம் தேதி பனிச்சரிவில் கதிர்வேல் ஏறிக்கொண்டிருந்தான். மேலே கயிற்றைப் பிடித்திருந்தது நான். அவனுக்குக் கால் வழுக்கியது. கயிறு ஒரு இழுப்பு இழுத்தது, அவ்வளவுதான். பழைய கை என்றால் அந்த இழுப்பு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. விரல் தானாகத் திறந்துகொண்டது. நான் மூடச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. இருபது அடி உருண்டுபோய்ப் பாறையில் மோதி நின்றான். கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போதும், "கயிறு பனியில வழுக்கிருச்சுங்க சாப்" என்றுதான் ஆபீசரிடம் சொன்னான். எனக்காகச் சொன்னான்.

மறுநாள் நானே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கயிறு வழுக்கவில்லை, என் கை விட்டுவிட்டது என்றேன்.

இங்கே ஒரு கருவி இருக்கிறது. கைப்பிடியை அமுக்கினால் எத்தனை கிலோ என்று முள் காட்டும். போட்டிக் காலத்தில் இதே மாதிரி ஒன்றில் ஐம்பத்தெட்டு காட்டினேன், சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். பத்தொன்பது. இன்னொரு தடவை என்றார் டாக்டர். பதினெட்டு.

நன்றாகத்தான் விசாரித்தார், பைலைத் திறக்கும்வரை. திறந்ததும் மேலாக இருந்தது உன் கடிதம். அதற்கு அடியில் என் கடிதம். "எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய்?" என்று கேட்டார். குடிக்கிறவனுக்கும் நரம்பு கெட்டு இப்படிக் கை தளருமாம். பனியில் அடிபட்டதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்கிறார். நான்தான் போகவே இல்லையே, சீட்டு எங்கிருந்து வரும்? குடித்ததற்கு நானே கைப்பட எழுதிய சாட்சி இருக்கிறது. பனிக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ஜனவரியில் மெடிக்கல் போர்டு. கை பட்டாளத்தால் போனதா, பாட்டிலால் போனதா என்று அவர்கள் எழுதுவதுதான் கடைசிவரை நிற்கும். பதவியை விடு. பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் குடித்துக் கெட்டவன் என்று எழுதி அனுப்பினால் நான் எப்படி ஊரில் நடப்பேன்?

வின்ஸ்டன்


கணபதி
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்த கையோடு யுஸ்ரா டீச்சரிடம் ஓடினேன். பாவம், அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதினேங்க்கா, ஒரு சின்னப் பிழைகூட இல்லாம" என்கிறார். பிழையோடு எழுதியிருந்தால் எவனாவது தூக்கி ஓரமாகப் போட்டிருப்பான்.

இரண்டாவது கடிதம் எழுதிவிட்டோம். முதல் கடிதத்தில் சொன்னது எல்லாம் என் தவறான எண்ணம், என் அண்ணன் குடிப்பவர் இல்லை என்று. அம்மாவும் கையெழுத்துப் போட்டாள். டி-ஷர்ட் விஷயத்தைக்கூட எழுதியிருக்கிறோம். பங்குச் சாமியார் அன்று அருகில் நின்றவர் என்ற முறையில் வாசம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் ஜேக்கையும் தூக்கிக்கொண்டு நானும் அவரும் அந்தியூர் போனோம். கதிர்வேல் காலில் கட்டோடு கட்டிலில் இருக்கிறார். அவர் என்னை அடித்துத் துரத்தினாலும் சரி என்று நினைத்துத்தான் போனேன். "வாங்கக்கா, தண்ணி குடிங்க" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணன் கையப்பத்தி எனக்கு அப்பவே தெரியுமுங்க. நாந்தான் அவருக்குப் பூட்ஸ் கயிறு கட்டிவுடுவேன். மூச்சு உட்டா அவரு பதவி போயிருமேன்னு கம்முனு இருந்துட்டேன். நானும் சேந்துதானுங்க இந்தக் கால ஒடச்சுக்கிட்டேன்" என்றார். 2022இல் நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தெரிந்தும் சொல்லாததற்கு அவரையும் கேள்வி கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தார். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் மேல் எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை. அன்று கோயிலில் நான் கேட்டபோது "ஆமாம்" என்று ஏன் சொன்னீர்கள்? இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. அதற்கப்புறம் மூன்று வாரம் கழித்து நிதானமாக உட்கார்ந்து, காகிதத்தில் வேறு எழுதினீர்கள். யாருமே கேட்காத பொய். அப்பாவோடு நான் பட்டது தெரிந்தும், அதே பெயரை ஏன் உங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள்? யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

ஜோவிதா


18 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

போர்டு முடிந்தது. மூன்று டாக்டர்கள். உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். "இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா?" என்று தலைவர் கேட்டார். என் தங்கைதான் சார் என்றேன். "முதலில் எழுதும்போது கோபமாக இருந்தாள், இரண்டாவது எழுதும்போது உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். நான் எதை நம்புவது?" என்றார். கதிர்வேல் கடிதத்தைப் படித்துவிட்டு, நண்பன் நண்பனுக்காக எழுதியது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

கேட்டகரி இறங்கிவிட்டது. பதவி உயர்வு இல்லை. இனி மலைக்கு அனுப்பமாட்டார்கள். கீழே ஒரு ராணுவ டிப்போவில் ஸ்டோர் வேலை. காரணம் என்ற இடத்தில் "பணியினால் ஏற்பட்டது என்று உறுதி செய்ய இயலவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். குடி என்று எழுதவில்லை. பனி என்றும் எழுதவில்லை. பதினெட்டு வருஷம் இழுத்த கயிறு, பிடித்த துப்பாக்கி, அந்த மண்ணெண்ணெய் எதுவுமே நடக்காத மாதிரி ஒரு வரி. படித்ததும் மேஜையில் ஓங்கிக் குத்த வேண்டும் போல் இருந்தது. குத்தினால் சத்தம்கூட வராது.

நீ கேட்டதையே தலைவரும் கேட்டார். குடிக்கவில்லை என்றால் தங்கையிடம் குடித்தேன் என்று ஏன் சொன்னாய் என்று. எனக்கு இந்தியில் பதில் வரவில்லை. தமிழிலும் அன்றைக்கு வந்திருக்காது. இப்போது ஒரு மாதமாக யோசித்து எழுதுகிறேன்.

எனக்குப் பதினான்கு வயதில் அப்பாவுக்குத் தறியில் மணிக்கட்டு மாட்டி உடைந்ததே, உனக்கு ஒன்பது வயது. மூன்று மாதம் வீட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆச்சரியம், அந்த மூன்று மாதமும் அவர் குடிக்கவில்லை. குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடந்து வந்த நாள்களில்கூட மறுநாள் அம்மா திட்டிக்கொண்டே சுடுசோறு போடுவாள். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாய். ஆனால் அந்த மூன்று மாதம் அவரை யாரும் சாப்பிடக் கூப்பிட்டு எனக்கு நினைவில்லை. நானும் கூப்பிட்டதில்லை. நாமெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு அவரே போய் மூடி வைத்ததை எடுத்து, இடது கையால் பிசைந்து சாப்பிடுவார்.

உன் கேள்வியைக் கேட்ட அந்த நொடியில் இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஆனால் உள்ளே இதுதான் கிடந்திருக்கிறது. குடித்தவன் என்றால் நீ கத்துவாய், பிறகு எப்படியும் சேர்த்துக்கொள்வாய். கை போனவன் என்றால் நம் வீட்டில் அவனுக்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஆமாம் என்றேன். உன் பிள்ளையை வாங்கியதும் அதனால்தான். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தகுதியில்லை.

மேல்முறையீடு அது இது என்று நீ அலைய வேண்டாம். எனக்கு அலுத்துவிட்டது.

வின்ஸ்டன்


கணபதி
6 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மேல்முறையீடு எழுதுவேன். உங்களுக்கு அலுத்துவிட்டால் ஓரமாக உட்காருங்கள். யுஸ்ரா டீச்சர் ஏற்கனவே இரண்டு பக்கம் எழுதிவிட்டார். கதிர்வேல், 2022இல் அதே போஸ்டில் இருந்த இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பட்டாளத்தில் கதவைச் சாத்தினால் திரும்பவும் தட்டுவேன். முதல் கடிதத்தை நான்தானே எழுதினேன்.

ஜேக் நடக்கிறான். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டுதான் நடக்கிறான். எலும்பு கூடிய இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, குளிப்பாட்டும்போது மட்டும் விரலில் படும். அது படுகிறபோது உங்கள் மேல் வரும் கோபம் இன்னும் குறையவில்லை. குறைந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நமக்குள் பொய் சொன்னது போதும்.

அப்பாவை யாரும் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அம்மா தினமும் தட்டு வைத்துவிட்டு, "போயி அப்பனக் கூப்புடு அம்மணி" என்று என்னைத்தான் அனுப்பினாள். நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், கவனித்திருக்கமாட்டீர்கள். நான் வாசல் வரைக்கும் போவேன். அப்பா வேப்ப மரத்தடி நாற்காலியில் இருப்பார். அவர் இடது கையால் சோற்றைப் பிசைந்து, பாதி மடியில் சிந்திக்கொண்டு தின்பதை முதல் நாள் பார்த்ததிலிருந்து எனக்கு அருவருப்பு. பக்கத்தில் உட்கார முடியவில்லை. அதனால் கூப்பிடாமலே திரும்பி வந்து, "அப்பறம் வாறாராமா" என்று சொல்லிவிடுவேன். மூன்று மாதம் தினமும் சொன்னேன்.

வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் எத்தனை தூரம்? நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். ஒரு நாள்கூட, "நான் அப்படிச் சொல்லலையே கண்ணு" என்று அவர் சொன்னதில்லை. நான் சொன்னபடியே அப்புறமாக வந்து சாப்பிட்டார். இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கட்டு அவிழ்த்த வாரமே அவர் மறுபடி குடிக்கப் போனார். அதற்கப்புறம் நான்தான் அவரைத் தூக்கி வரப் போனேன். எங்கெங்கே போய்த் தூக்கி வந்தேன் என்று உங்களிடம் பெருமையாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். ஏன் போனேன் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை அண்ணா.

டிப்போவில் லீவு கேளுங்கள். கிடைத்ததும் நேராக இங்கே வாருங்கள், கருமத்தம்பட்டிக்கு அப்புறம் போகலாம். எந்த நேரத்துக்கு வந்தாலும் சரி, நான் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவேன்.

உங்கள் தங்கை,
ஜோவிதா